விரால் மூழ்கிச் சாகும், தவளை தோலால் குடிக்கும்

சாரல் பிடித்துவிட்டால் செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கத்து வயலும் குளமும் சத்தம் போடத் தொடங்கிவிடும். கூடவே பேச்சும் தொடங்கும். தண்ணீரிலும் இருக்கிறது, கரையிலும் இருக்கிறது என்பதால் ஆமை இருவாழ்வி, முதலை இருவாழ்வி, நண்டும் இருவாழ்வி என்று டீக்கடையில் தீர்ப்பாகும். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலும் தென்மலையிலும் இதே தீர்ப்புதான், மலையாளத்தில். மீன் தண்ணீரில் மூச்சுவிடும், தவளை இரண்டு இடத்திலும் மூச்சுவிடும் என்று பள்ளியில் படித்ததோடு நம்மில் பலர் நிறுத்திக்கொண்டோம். அது பாதி சரி. விட்டுப்போன பாதியில்தான் தேங்காய்க்குள் புகுந்த தேரையும், விஷமுள்ள மஞ்சள் தவளையும், விடிவதற்குள் குளத்தில் யாரோ கலந்துவிட்ட மருந்தும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஒரு பிராணி எங்கே வசிக்கிறது என்பதை வைத்து அது என்ன இனம் என்று சொல்ல முடியாது. திமிங்கிலம் வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்தாலும் நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி. கடல் குதிரையின் முகம் எப்படி இருந்தாலும் அது மீன். இறாலுக்கும் நண்டுக்கும் முதுகெலும்பே கிடையாது, ஆகவே அவை இந்தப் பந்தியிலேயே இல்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆக்சிஜன் உடலுக்குள் எந்த வழியாகப் போகிறது? முட்டைக்குள் இருக்கும் ஈரத்தை எது காப்பாற்றுகிறது? இவை இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மீனும் தவளையும் ஆமையும் தானாகப் பிரிந்து நின்றுவிடும்.

எல்லா மூச்சுக்கும் ஈரம் வேண்டும்

வெயில் காலத்தில் மண்பானையைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்புறம் ஈரமாக இருக்கும். பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உள்ளிருக்கும் தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. எவர்சில்வர் குடத்தில் இது நடக்காது. அதன் சுவர் எதையும் விடாது. முதுகெலும்புள்ள பிராணிகளின் உடலிலும் இந்த இரண்டு வகைச் சுவர்களும் இருக்கின்றன. பல்லி, பாம்பு, ஆமை, கோழி, நாம், எல்லோரும் வெளியே எவர்சில்வர். தவளை வெளியேயும் மண்பானை.

ஆக்சிஜன் நேரடியாக இரத்தத்துக்குள் குதித்துவிடாது. முதலில் அது ஈரத்தில் கரைய வேண்டும். பிறகு மிக மெல்லிய ஒரு சவ்வைக் கடந்து, அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போகும். இப்படித் தானாக நகர்வதற்குப் பரவல் என்று பெயர். இதற்குப் பம்பு தேவையில்லை. சுவர் மெலிதாக, ஈரமாக, பரப்பில் பெரிதாக இருந்தால் போதும். நம் நுரையீரலின் உட்புறமும் ஈரம்தான். காற்றை மட்டுமே சுவாசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் நாமும் ஆக்சிஜனைக் கடைசியில் ஈரத்தில் கரைத்துத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே தண்ணீருக்கு ஒரு மூச்சு, நிலத்துக்கு ஒரு மூச்சு என்று இரண்டு தனி வித்தைகள் கிடையாது. கசியும் சுவர் ஒன்று வேண்டும். அதை உடலில் எங்கே வைப்பது, காயாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில்தான் பிராணிக்குப் பிராணி வித்தியாசம்.

செவுளுக்குள் என்ன நடக்கிறது

மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோமே, அந்தச் சிவப்பு முழுக்க இரத்தம். மூடிக்கு அடியில், பக்கத்துக்கு நான்கு வளைவுகளாக, வரிசை வரிசையாக மெல்லிய இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத தகடுகள். கசியும் சுவர் இந்தத் தகடுகள்தான். உள்ளங்கை அளவு இடத்துக்குள் பெரிய பரப்பை மடித்து வைக்கும் ஏற்பாடு. கெண்டையை ஆய்பவர்கள் செவுளைக் கிள்ளி எறிந்துவிடுகிறோம். அந்த உடலிலேயே மிக நுட்பமாகச் செய்யப்பட்ட பகுதி அதுதான் என்பது என் கட்சி.

இவ்வளவு நுட்பம் ஏன் தேவைப்பட்டது? ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் குளத்துத் தண்ணீரில் கரைந்திருப்பது, நல்ல நிலையிலேயே, 6 மில்லிலிட்டர் அளவுதான். முப்பது மடங்குக்கும் மேல் பஞ்சம். தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு கனமானதும்கூட. அதை நுரையீரலைப் போல உள்ளே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் கிடைக்கும் ஆக்சிஜன் தள்ளும் வேலைக்கே சரியாகப் போய்விடும்.

மீன் தண்ணீரை ஒரே திசையில் ஓட விடுகிறது. வாய் வழியே உள்ளே வரும் தண்ணீர் செவுளின் மேல் ஓடி மூடி வழியே வெளியேறிவிடும். தகடுகளுக்குள் ஓடும் இரத்தமோ அதற்கு எதிர்த் திசையில் ஓடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு எதிரோட்டம் என்று பெயர். இரண்டும் ஒரே திசையில் ஓடினால், கொஞ்ச தூரத்திலேயே இரத்தத்திலும் தண்ணீரிலும் ஆக்சிஜன் சமமாகிப் பரவல் நின்றுவிடும். எதிர்த் திசையில் ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட இரத்தம் தன்னைவிட அதிக ஆக்சிஜன் உள்ள தண்ணீரையே அடுத்தடுத்துச் சந்திக்கும். கடைசி வரை பரவல் நடந்துகொண்டிருக்கும். இதனால் சில மீன்கள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனில் 80 விழுக்காடு வரை உறிஞ்சிவிடுகின்றன. நாம் ஒரு மூச்சில் எடுப்பது கால் பங்கு.

கரையில் போட்ட கெண்டை ஏன் சாகிறது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் இல்லாமல் அது சாகவில்லை, காற்றில்தான் ஏராளமாக இருக்கிறதே. தண்ணீரில் விரிந்து மிதந்துகொண்டிருந்த இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடுகின்றன. பரப்பு போய்விடும். அப்புறம் ஈரமும் காயும்.

இன்னொரு விஷயம். கசியும் சுவர் ஆக்சிஜனை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தடுக்காது, தண்ணீரும் உள்ளே வெளியே போகும். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு அதிகமான பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வைக் கடந்து போவதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். குளத்து மீனின் உடலில் வெளித் தண்ணீரைவிட உப்பு அதிகம். ஆகவே தண்ணீர் ஓயாமல் உள்ளே கசிந்து வரும். மீன் தனியாகக் குடிப்பது மிகக் குறைவு, நீர்த்த சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கொல்லத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நம் சந்தைக்கு வரும் சாளைக்கும் அயிலைக்கும் நிலைமை தலைகீழ். கடல் அவற்றின் உடலிலிருந்து தண்ணீரை இழுக்கும். அதனால் அவை கடல் நீரைக் குடித்து, கூடுதல் உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளுகின்றன. தண்ணீருக்குள் இருந்துகொண்டே தாகத்தோடு போராடும் பிழைப்பு.

விடியற்காலையில் செத்து மிதக்கும் மீன்

கோடையில் குளம் வற்றிப் பச்சையாக இருக்கும்போது ஒரு நாள் காலையில் கெண்டையும் கட்லாவும் செத்து மிதக்கும். உடனே யாரோ மருந்து கலந்துவிட்டதாகச் சொல்வார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதற்கு முன் குளத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 0 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் 7.5 தான். பச்சை நிறம் என்பது பாசி. பகலில் அது வெயிலை வைத்து ஆக்சிஜனை உண்டாக்கும். இரவில் உண்டாக்காது, மீனோடு சேர்ந்து அதுவும் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அடியில் மட்கும் சருகும் சாணமும் ஒரு பக்கம் செலவழிக்கும். சேமிப்பு மிகவும் குறைந்திருக்கும் நேரம், சூரியன் எழுவதற்குச் சற்று முன். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருப்பதும் அந்த நேரத்தில்தான்.

பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. கெண்டை செத்து, விராலும் கெளுத்தி வகையைச் சேர்ந்த தேளியும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தால், பெரும்பாலும் அது ஆக்சிஜன் பஞ்சம். மருந்து என்றால் அது ஆள் பார்த்து விடாது.

தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன்

விரால் ஏன் தப்பிக்கிறது? செவுளுக்கு மேலே, தலைக்குள், அதற்கு ஓர் அறை இருக்கிறது. அறையின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்த ஈரமான மடிப்புகள். விரால் மேலே வந்து வாயால் காற்றைக் கவ்வி இந்த அறைக்குள் அடைத்துக்கொள்ளும். பனையேறிக் கெண்டைக்கும் (மலையாளத்தில் கரிப்பிடி, கல்லேமுட்டி என்பார்கள்) அதே இடத்தில் சுருண்டு மடிந்த எலும்புத் தகடுகளின் மேல் போர்த்திய தோல் உண்டு. தேளிக்கு இரண்டு நீண்ட காற்றுப் பைகள், செவுளிலிருந்து முதுகுத் தசைக்குள் பின்னோக்கிப் போகின்றன. மூன்றும் வெவ்வேறு அமைப்புகள், வேலை ஒன்று. கசியும் சுவரைக் காயாத ஓர் அறைக்குள் ஒளித்து வைத்துக் காற்றோடு வியாபாரம் செய்வது.

சேறும் சகதியுமான, ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் இது பெரிய வசதி. அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. வளர்ந்த விராலுக்கும் பனையேறிக்கும் செவுள் மட்டும் போதாது. மேலே வர முடியாதபடி தண்ணீருக்குள் வலை போட்டு அடைத்தால் அவை மூச்சுத் திணறிச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்பது பழமொழிக்குச் சொன்னது போலத் தோன்றும், ஆனால் இங்கே அது அப்படியே நிஜம். சந்தையில் விராலை மட்டும் அலுமினியப் பாத்திரத்தில் நாலு விரல் தண்ணீரில் உயிரோடு வைத்து விற்க முடிவதும் இதனால்தான். கட்லாவை அப்படி வைத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் கதை முடிந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழையின் முதல் தண்ணீர் விழுந்ததும் ஆற்றிலும் குளத்திலும் இருக்கும் மீன்கள் முட்டை நிறைந்த வயிற்றோடு வயலை நோக்கி எதிரேறி வரும். கேரளத்தில் இதற்கு ஊத்த என்று பெயர். அந்த நேரத்தில் மீன் பிடிப்பதை அங்கே சட்டம் தடுக்கிறது. ஒரு மீனைப் பிடித்தால் அதன் வயிற்றில் இருக்கும் அடுத்த ஆண்டையும் சேர்த்துப் பிடிக்கிறோம் என்பது காரணம். பனையேறி இந்தச் சமயத்தில் செவுள் மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈர நிலத்தைக் கடந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனியப் படை அதிகாரி, ஒரு பனை மரத்தில் இது ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டு பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சானது. நம் ஊர்ப் பெயரும் அதையே சொல்கிறது. ஈரத் தரையில் ஊர்வது பலரும் பார்த்த விஷயம். பனை உச்சி வரை போய்க் கள் குடிக்கும் என்பது கூடுதலாகச் சேர்ந்த சுவை.

நுரையீரல் என்றால் நிலத்துக்கு வந்த பிறகு கிடைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எலும்பு மீன்களின் மூதாதைகளுக்கே எளிய நுரையீரல் இருந்தது. மீனை ஆயும்போது குடலுக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டி, வெள்ளையாகக் காற்று நிறைந்த ஒரு பை வருமே, அது அந்தப் பழைய நுரையீரல் வேலை மாறியது. இப்போது அது மூச்சுக்கு இல்லை, தண்ணீருக்குள் மூழ்காமலும் மேலே மிதந்துவிடாமலும் வேண்டிய ஆழத்தில் நிற்பதற்கு. சுறாவுக்கு இந்தப் பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதைத் தாங்குகிறது.

இதுவரை சொன்னதில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். மீன் என்பது முதுகெலும்பும் துடுப்பும் வாழ்நாள் முழுக்கச் செவுளும் உள்ள பிராணி. செவுளோடு காற்றையும் சுவாசிப்பதால் ஒரு மீன் தவளையின் பங்காளி ஆகிவிடாது.

மண்பானை போர்த்திய உடம்பு

இனி தவளை. அதற்கு நுரையீரல் உண்டு, ஆனால் சாதாரணமான ஒரு பை. மார்பை விரித்துக் காற்றை இழுக்க அதற்கு விலா எலும்புக் கூடும் இல்லை, உதரவிதானமும் இல்லை. வாயின் அடிப்பகுதியைத் தாழ்த்தி மூக்கு வழியே காற்றை வாய்க்குள் எடுத்து, மூக்கை மூடி, அடிப்பகுதியை உயர்த்தி, நுரையீரலுக்குள் தள்ளுகிறது. தவளையின் தொண்டை சும்மா இருக்கும்போதும் துடித்துக்கொண்டிருப்பது இந்த வேலையால்தான். நாம் காற்றை இழுக்கிறோம், தவளை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். (இரையை விழுங்கும்போது கண்களையும் உள்ளே அமுக்கித் தொண்டைக்குத் தள்ளும். சாப்பிடும் தவளை கண்ணை மூடுவது ருசியில் அல்ல.)

மீதி வேலையைத் தோல் பார்க்கிறது. தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. சுரப்பிகள் ஈரத்தைக் காக்கும் வழவழப்பைக் கசியவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி தோல் வழியாகவே வெளியேறுகிறது. தண்ணீருக்கு அடியில் அசையாமல் கிடக்கும் தவளைக்குப் பல நேரம் தோலே போதும், ஏனென்றால் அதன் செலவு குறைவு. மீனும் தவளையும் தங்கள் உடம்பைத் தாங்களே சூடாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறத்தின் வெப்பமே அவற்றின் வெப்பம். நம்மைப் போல 37 டிகிரியைக் கட்டிக்காக்க இரவு பகலாக எரிபொருள் செலவழிக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் சாலமாண்டர்களில், அதாவது வாலுள்ள இருவாழ்விகளில், ஒரு பெரிய குடும்பத்துக்கு நுரையீரலே கிடையாது. முழுக்கத் தோலும் வாயின் உட்புறமும்தான். இந்தியாவில் வாலுள்ள இருவாழ்விகள் டார்ஜிலிங், மணிப்பூர் போன்ற வடகிழக்குப் பகுதிகளில் இருக்கின்றன; நம் மலையில் இல்லை.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடியிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலை ஈர மண்ணில் அழுத்தி உட்கார்ந்துவிடும். சவ்வூடு பரவல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மண்பானைக்கு இது பெரிய ஆதாயம், கூடவே பெரிய ஆபத்து. வெயிலில் மாட்டினால் உள்ளிருப்பது அதே வழியில் வெளியே போய்விடும். உப்புத் தண்ணீரில் விழுந்தால் உடல் நீர் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால்தான் கடலில் வாழும் தவளை என்று ஒன்று இல்லை; கழிமுகத்து உப்பைத் தாங்கும் தவளை தென்கிழக்கு ஆசியாவில் உண்டு, அது விதிவிலக்கு. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தும் உரமும் தவளைக்குள் நுழைய அது எதையும் தின்ன வேண்டிய அவசியமில்லை.

இந்தத் தோல் எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு பூஞ்சை. கைட்ரிட் என்று அழைக்கப்படும் அது 1990-களின் கடைசியில் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் பல தவளை இனங்களை அது துடைத்துவிட்டது. பூஞ்சை தாக்குவது தோலின் மேற்பகுதியை மட்டும்தான். ஆனால் தோல் வழியாக நடக்கும் உப்புச் சமநிலை குலைந்து, கடைசியில் இதயம் நின்று தவளை சாகிறது. நமக்கு வரும் படைபோல ஒன்றுதானே என்று விட முடியாது. தவளைக்குத் தோல் என்பது உள்ளுறுப்பு.

ஓடில்லாத முட்டை

இப்போது அமராவதி அணை முதலைக்கு வரலாம். அது பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கிறது. ஆனால் முட்டையைக் கரையில் மண்ணுக்குள் இடுகிறது. முட்டைக்கு ஓடு உண்டு. உள்ளே குஞ்சைச் சுற்றித் தண்ணீர் நிறைந்த ஒரு பை உண்டு. தன் குளத்தைத் தானே முட்டைக்குள் எடுத்துச் செல்வதால் முதலைக் குஞ்சு வெளிக் குளத்தை நம்பி இல்லை. ஆமையும் அப்படியே. கடலாமை வாழ்நாளெல்லாம் கடலில் இருந்தாலும் முட்டையிட மட்டும் மணலேறி வருகிறது. இவை இரண்டும் ஊர்வன. தவளை முட்டைக்கு ஓடும் கிடையாது, அந்தப் பையும் கிடையாது. வழவழவென்ற கூழ் ஒரு சுற்று, அவ்வளவுதான். மண்பானை உடம்பு முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. அது காயக் கூடாது.

காயக் கூடாது என்பதுதான் கட்டளை. குளத்தில்தான் இட வேண்டும் என்று எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகள் இந்த இடைவெளியில் விளையாடியிருக்கின்றன. மலபார் பறக்கும் தவளை, தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரையை அடித்துக் கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். நுரையின் மேற்புறம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். தலைப்பிரட்டைகள் தயாரானதும் கீழே உள்ள குட்டையில் விழும். இன்னொரு வகையின் தலைப்பிரட்டைகள் அருவியோரத்து ஈரப் பாறையிலேயே, தண்ணீர் படலம் மட்டும் இருந்தால் போதும் என்று ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. குளத்தில் நீந்தாத தலைப்பிரட்டை!

புதர்த் தவளைகள் இன்னும் ஒரு படி மேல். ஈரமான இலையிலோ மண்ணிலோ இடும் முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, நாலு காலோடு குட்டித் தவளை வெளியே வரும். களக்காடு–முண்டந்துறைக் காட்டில் ஒரு பச்சைப் புதர்த் தவளை, ஈட்டா மூங்கிலின் கணுக்களுக்கு நடுவில் ஏற்கெனவே இருக்கும் சிறு பிளவு வழியே உள்ளே நுழைந்து முட்டையிடுகிறது. ஆண் தவளை உள்ளேயே இருந்து காவல் காக்கும். 1874-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்று கருதப்பட்ட இனம் அது. மீண்டும் கிடைத்த செய்தி 2011-இல் வந்தது. மூங்கிலுக்குள் குடியிருப்பவரை வெளியில் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

ஆக, மறுபடி சுருக்கமாக: இருவாழ்வி என்பது முதுகெலும்பும், கசியும் ஈரத் தோலும், ஓடில்லா முட்டையும் கொண்ட பிராணி. குளமும் கரையும் இதில் வரவே இல்லை.

வால் உதிர்வதில்லை

தலைப்பிரட்டையைப் பிடித்துப் பாட்டிலில் வளர்த்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் வால் காணாமல் போனதைப் பார்த்திருப்பார்கள். பாட்டிலுக்குள் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது உதிர்வதில்லை. வாலின் திசுக்களை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. கால்கள் வளரும் அந்த நாட்களில் வாயும் குடலும் மாறிக்கொண்டிருப்பதால் சாப்பாடு ஏறத்தாழ இல்லை, வால்தான் கட்டுச்சோறு.

பாசி தின்னும் தலைப்பிரட்டைக்கு நீளமான, சுருட்டிவைத்த குடல். வயிற்றுத் தோல் வழியே அது வெளியே தெரியும். பூச்சி தின்னும் தவளைக்கு அது குட்டையாகிவிடும். செவுள் மறையும், நுரையீரல் வேலைக்கு வரும். இரண்டு அறை இதயம் மூன்று அறை ஆகும். பின்னங்கால் முதலில் வெளியே வரும். முன்னங்கால் செவுள் அறைக்குள் மறைவாக வளர்ந்து திடீரென்று நீட்டிக்கொள்ளும். இப்படி உடல் முழுவதும் புதிதாகக் கட்டப்படுவதற்கு உருமாற்றம் என்று பெயர். உத்தரவு போடுவது தைராய்டு சுரப்பு. 1912-இல் குடெர்னாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்தார். அவை நேரத்துக்கு முன்பே உருமாறிக் குட்டிக் குட்டித் தவளைகளாக நின்றன. நம் கழுத்தில் இருக்கும் அதே சுரப்புதான்.

மலைக்கு இரண்டு பக்கம், மழைக்கு இரண்டு காலம்

எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்று ஒரு தவளைக் கதை உண்டு. 2003-இல் எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி போசூட்டும் இடுக்கியிலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்றை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஊதிய உடல், பன்றி மூக்கு, சின்னக் கண். ஆண்டு முழுக்க மண்ணுக்கு அடியில் கறையான் தின்று வாழ்ந்து, மழைக் காலத் தொடக்கத்தில் முட்டையிடச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். வருடம் ஒருமுறை வந்து போவதால் மலையாளத்தில் மாவேலித் தவளை என்றும் சொல்வார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில். அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தன, தவளை கடலைக் கடக்கவில்லை.

2017-இல் இதன் தம்பி ஒருவர் தமிழ்நாட்டுச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையில் தனி இனமாக அறியப்பட்டார். மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. குரலும் எலும்பும் மரபணுவும் வேறு. இனப்பெருக்கக் காலமும் வேறு: கேரளப் பக்கத்துத் தவளை மே முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில், நம் பக்கத்துத் தவளை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில். ஓடில்லா முட்டைக்கு எந்தப் பக்கம் எப்போது ஈரம் கிடைக்கிறதோ அதுவே நாள்காட்டி. மழைக்கு மாநில எல்லை உண்டு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், இந்தத் தவளைகளைக் காட்டலாம்.

தேரையும் மஞ்சள் தவளையும்

தேரையும் தவளை வகைதான். தோல் கொஞ்சம் தடிப்பு, ஆகவே குளத்தை விட்டுத் தூரம் போகத் துணியும். கண்ணுக்குப் பின்னால் உள்ள மேடான சுரப்பிகளிலிருந்து வரும் பால் கசப்பானது, வாயில் பட்டால் நாய்க்கு நுரை தள்ளும். தொட்டால் மரு வராது. மரு வருவது வைரசால். தேங்காய்க்குள் பருப்பு இல்லாவிட்டால் தேரை புகுந்ததாகச் சொல்வது பாவம். தேரைக்குப் பல்லே கிடையாது, மட்டையையும் ஓட்டையும் அது எதை வைத்துத் துளைக்கும்?

முதல் மழையில் வயல் முழுக்க எலுமிச்சை நிறத்தில் கத்தும் பெருந்தவளைகளின் வீடியோ ஆண்டுதோறும் வாட்ஸ்ஆப்பில் சுற்றும், விஷத் தவளை என்ற தலைப்போடு. அவை நம் வயல்களின் சாதாரண ஆண் தவளைகள்தான். பெண்ணைக் கவரச் சில நாட்கள் மஞ்சளாகித் திரும்பவும் பழுப்பாகிவிடும். ஒரு காலத்தில் இவற்றின் தொடைகள் டன் கணக்கில் ஏற்றுமதியாகின. இந்தியா அந்த ஏற்றுமதியை 1987-இல் நிறுத்தியது.

புழுவுமில்லை, பாம்புமில்லை

கடைசியாக, ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் மண்ணைக் கொத்தும்போது வெளிப்படும் ஒன்று. ஒரு முழம் நீளம், கால் இல்லை, கண் இருக்கும் இடம் தெரியாது, உடல் முழுக்க வளையம் வளையமாக மினுமினுக்கும். மலையாளத்தில் குருடி என்பார்கள். பார்த்ததும் மண்வெட்டியால் அடித்துவிடுகிறார்கள். அது காலில்லா இருவாழ்வி, தவளையின் தூரத்துச் சொந்தம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சின்ன உணர்கொம்பு ஒன்று உண்டு. இருட்டில் அதுதான் வழிகாட்டி. தோல் மடிப்புகளுக்குள் மிக நுண்ணிய செதில்கள் சில வகைகளில் ஒளிந்திருந்தாலும், வெளியே தொட்டால் தவளையின் அதே வழவழப்பு. சில வகைத் தாய்கள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கும்.

பாம்பா குருடியா என்று சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தள்ளி நின்று தோலைப் பாருங்கள். காய்ந்த செதில் வரிசை தெரிந்தால் பாம்பு. ஈரமான வளையங்கள் என்றால் குருடி. புரட்டிய மண்ணைத் திரும்ப அதன் மேல் தள்ளிவிட்டால் போதும், நிழலும் ஈரமும் இருக்கும் வரை அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். உரமோ மருந்தோ பட்ட கையால் எடுத்து வேறு இடத்தில் விடுவது மட்டும் வேண்டாம். கையில் உள்ளதை அந்தத் தோல் குடித்துவிடும்.